படை கிளம்பிய வீட்டின் சுவர்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் மனைவி சொல்வாள். விமானப் படையில் இருபது வருடம் மெக்கானிக்காக இருந்தவனுக்கு அது இல்லாமல் இருக்குமா? ஒரு ஸ்பேனர் குறைந்தால்கூட, அது கிடைக்கும்வரை விமானத்தைக் கிளம்ப விடமாட்டோம். ஓய்வு பெற்றுக் காரைக்குடியில் வந்து உட்கார்ந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. 'கிடைக்கவில்லை' என்று யாராவது சொன்னால், ஒழுங்காகத் தேடவில்லை என்றுதான் தோன்றும்.

அப்படித்தான் என் மாமியாரின் தகப்பனாரைத் தேடக் கிளம்பினேன். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது கானாடுகாத்தான் பக்கம் ஒரு விமானத் தளம் இருந்தது. அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரப் படைப்பிரிவு ஒன்றில் அவர் சமையல் வேலை பார்த்தார். மாமியார் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மறுநாள் படையும் பர்மாப் பக்கம் கிளம்பிவிட்டது. மெஸ்ஸில் எதையோ திருடிக்கொண்டு ஓடிவிட்டார் என்று அவர்கள் ஊரான நெற்குப்பையில் பேச்சானது. வரப்புத் தகராறோ குழாயடிச் சண்டையோ, மாமியாரின் வாயை அடைக்க 'ஓடிப்போனவன் மக' என்ற ஒரு சொல் போதும். அதைக் கேட்டால் அவர் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவாராம்.

இரண்டு வருடம் கடிதமும் மின்னஞ்சலுமாக அலைந்தேன். படைப்பிரிவின் விமானங்களுக்குப் பட்டியல் இருந்தது. விமானிகளுக்கு இருந்தது. சமையல்காரர்களுக்கு இல்லை. எரிச்சலாக வந்தது. சாப்பிடாமலா சண்டை போட்டார்கள்?

கடைசியில், அந்தப் பிரிவில் இருந்த ஒருவரின் மகன் இங்கிலாந்திலிருந்து ஒரு புகைப்படம் அனுப்பினார். அதிகாரிகள் தங்கியிருந்த செட்டிநாட்டு வீட்டின் மேல் ஹால். சுவர் முழுக்கப் பென்சில் கையெழுத்துகள், அதன் முன்னால் சிரித்தபடி ஏழெட்டுப் பேர். ஓரத்தில் ஒருவர் வேட்டியை மடித்துக்கட்டி, நமக்கு முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தரை துடைக்கிறார் என்று நினைத்தேன். 'கிளம்புவதற்கு முந்தின நாள், கூட வருகிற எல்லோரும் இந்தச் சுவரில் பெயர் எழுதினார்கள், சமையல்காரர் உட்பட என்று அப்பா சொல்வார்' என்று மகன் எழுதியிருந்தார். படத்தில் ஒரு பெயரையும் படிக்க முடியவில்லை.

கானாடுகாத்தானில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. திறப்பதுதான் முடியவில்லை. வாசல் சாவி ஒரு பங்காளியிடம், மாடிச் சாவி இன்னொரு பங்காளியிடம், ஒருவர் கோயம்புத்தூர், ஒருவர் மலேசியா. முன்னோர்களுக்குப் படைக்கிற படைப்பு அன்றைக்குத்தான் எல்லோரும் கூடித் திறப்பார்கள். எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை அந்தச் சுவர். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு அது. அதற்கு யாரும் வெள்ளையடிப்பதில்லை.

படைப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது மாமியாருக்கு நெஞ்சுவலி வந்தது. சிவகங்கையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, நாள் கணக்கில்தான் சொல்ல முடியும் என்றார். பக்கத்துக் கட்டிலில் ஒரு நெற்குப்பைக்கார அம்மாள் படுத்திருந்தாள். அவள் காதில் விழாதபடி மாமியார் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"மாப்பிள்ளை, எங்க அய்யா ஓடிப்போனாரா, படையோட போனாரா? அதை மட்டும் தெரிஞ்சு சொல்லிருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அன்றே அந்த வீட்டு மூத்த ஆச்சிக்குப் போன் போட்டேன். மேல் ஹால் சுவரில் இருக்கிற எழுத்தைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். "படைப்பு அன்னைக்குத் தாராளமா வாங்க" என்றார். எதற்கு என்று நான் சொல்லவில்லை. ஓடிப்போனவர் கதையை முன்பின் தெரியாதவர்களிடம் சொல்ல எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

அந்தப் பத்து நாளும் போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. படைப்பு அன்று காலை, அம்மாவுக்கு மூச்சுத் திணறல் என்று மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொன்னாள். திரும்பிப் போவதா, போய்ப் பார்த்துவிடுவதா என்று புரியாமல் கானாடுகாத்தான் தெருவில் ஒரு நிமிடம் நின்றேன். பிறகு உள்ளே போய்விட்டேன்.

ஆச்சி வாசலுக்கே வந்து வரவேற்றார். காபி கொடுத்தார். மாடிக்குக் கூட்டிப் போய்க் கதவைத் திறந்தார். சுவர் பளிங்குபோல் மின்னியது. ஓர் எழுத்து இல்லை.

"மேலே கிறுக்கல் கிடக்குன்னு நீங்க சொல்லித்தான் ஞாபகமே வந்துச்சு. வெளியாளு பாக்க வாரப்ப வீடு அப்படியா கிடக்கணும்? பங்காளிககிட்ட முன்கூட்டியே சாவியை வாங்கி, மூணு நாளா ஆள் விட்டுத் தேய்ச்சிருக்கோம். எப்படி இருக்கு, பாருங்க" என்றார்.

கத்தியிருப்பேன். ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது? விருந்தாளிக்காக வீட்டைச் சுத்தம் செய்தார்கள். அந்த விருந்தாளி நான். வாயைத் திறந்து காரணத்தைச் சொல்லியிருந்தால் ஒருவரும் அந்தச் சுவரைத் தொட்டிருக்க மாட்டார்கள். தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன். ஆச்சி முகம் செத்துப்போய், "தெரியாமப் பண்ணிட்டோமே" என்று அங்கேயே நின்றார்.

உட்கார்ந்த இடத்திலிருந்து சுவரின் அடிப்பகுதி கண்ணுக்கு நேராக இருந்தது. படத்தில் இருந்தவரும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். தரை துடைக்கிறவர் சுவரைப் பார்த்தா உட்காருவார்?

விமானத் தகட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, டார்ச்சை நேராக அடிக்க மாட்டோம். தகட்டோடு தகடாகச் சாய்த்துப் பிடிப்போம். போன் டார்ச்சைச் சுவரோடு சாய்த்து நகர்த்தினேன். மூலையில், தரைக்கு ஒரு முழம் மேலே, நிழல் தட்டியது. பென்சில் இல்லை. கத்தி முனையால் பூச்சைக் கீறி எழுதியிருந்தது. கோணல்மாணலான தமிழ் எழுத்து. மாமியாரின் தகப்பனார் பெயர். அதன் கீழே, நெற்குப்பை. பெயரைச் சத்தமாகப் படித்தேன். ஆச்சி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

சிவகங்கைக்கு எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. மாமியாருக்கு மூச்சு கொஞ்சம் அடங்கியிருந்தது. எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் போனைக் கையில் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"இதை எப்ப எழுதுனாரு?"

"படை கிளம்புறதுக்கு முந்தின நாள், அத்தை. கூடப் போறவுக மட்டும் எழுதுனது."

எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, "ஓடிப்போறவன் பேரையும் ஊரையும் எழுதி வச்சுட்டா ஓடுவான்?" என்றார். வார்டுக்கே கேட்கிற குரல்.

போனை என்னிடம் நீட்டினார்.

"இதை அங்குட்டுப் படுத்திருக்காளே, நெற்குப்பைக்காரி, அவகிட்டக் காட்டுங்க, மாப்பிள்ளை."

நான் போனை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலுக்குப் போனேன்.