பிரிட்ஜ்வாட்டரில் ஒரு யோய்க்

அந்த ஜெபக்கூட்டத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். பாடச் சொன்னதும் நான்தான். இத்தனை வருடம் கழித்தும் யார்மேல் அதிகக் கோபம் என்று கேட்டால், முதலில் என் மேல்தான் என்பேன். அந்த அங்கிள் எனக்கு அடுத்தபடிதான்.

அவள் எங்களுக்குப் பழக்கமானது ஸ்வீடனில். தொண்ணூறுகளின் நடுவில், நியூ ஜெர்சியில் என் கணவர் வேலை பார்த்த கம்பெனி அவரை எட்டு மாதத்துக்கு ஸ்வீடனின் வடக்கே ஒரு சின்ன ஊருக்கு அனுப்பியது. நானும் ஆறு வயது மகளும் கூடப் போனோம். டிசம்பரில் மத்தியானமே இருட்டிவிடுகிற ஊர். பாளையங்கோட்டையில் வளர்ந்த எனக்குக் கிறிஸ்துமஸ் என்றால் வீட்டில் கேக் வேக வேண்டும். கடைக்குப் போனால் எந்தப் பாக்கெட்டிலும் ஆங்கிலம் இல்லை. 'மியோல்' என்றால் மாவு என்பது மட்டும் தெரியும். அந்தச் சொல்லில் முடிகிற ஒரு வெள்ளைப் பாக்கெட்டை மைதா என்று நினைத்து எடுத்துவந்தேன். ஓவனிலிருந்து வெளியே வந்ததை வைத்துச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கலாம்.

அழாத குறையாகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தது அவள்தான். பள்ளிக்கூடச் சமையலறையில் ரொட்டி சுடும் வேலை பார்த்தவள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது உருளைக்கிழங்கு மாவு" என்றாள். சிரிக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு என்னோடு கடைக்கு வந்தாள். மைதா எது, சோடா உப்பு எது, எசன்ஸுக்குப் பதில் அங்கே போடுகிற வெனிலா சர்க்கரை எது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டாள். கடைசியில் ஏலக்காய். அந்தக் குளிர்தேசத்தில், ரொட்டி சுடும் சாமான்களுக்கு நடுவில், நம் ஏலக்காய்!

அவள் சாமி இனத்துப் பெண். ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்து நாடுகளின் வடக்கே ரெயின்டீர் மான்களை மேய்த்து வாழ்ந்த பூர்வகுடிகள் அவர்கள். "ஐ ஆம் சாமி" என்று அவள் முதல் தடவை சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்கியதும் அவள் என்னைவிடச் சத்தமாகச் சிரித்தாள்.

மாவு பிசையும்போது தொண்டைக்குள்ளிருந்து ஏதோ பாடுவாள். யோய்க் என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் வார்த்தை இருக்காது. சில ஒலிகளே சுற்றிச் சுற்றி வரும்; திடீரென்று நின்றுவிடும்.

"இது யாரைப் பற்றின பாட்டு?" என்று கேட்டேன்.

"யாரையும் பற்றி இல்லை. இது என் அம்மா" என்றாள்.

அவர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு யோய்க் உண்டு. அதைப் பாடினால் அந்த ஆளே வந்து நிற்பதுபோல. அவள் அம்மாவைச் சின்ன வயதில் சர்ச் நடத்திய விடுதிப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். யோய்க் சாத்தானைக் கூப்பிடுகிற சத்தம் என்று சொல்லி, பாடிய பிள்ளைகளை அங்கிருந்த பாதிரியார் கையில் அடித்திருக்கிறார். அந்த அம்மா அதற்குப் பிறகு சாகும்வரை பாடவேயில்லை. முப்பது வயதுக்கு மேல், சித்தி ஒருத்தியைக் கெஞ்சி, டேப்பில் பதிவுசெய்து, இவள் அம்மாவின் யோய்க்கைக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

நானும் என் கதையைச் சொன்னேன். பக்கத்துத் தெருக் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு கேட்கப் போனதற்காக அப்பா என்னைப் பெல்ட்டால் அடித்தார். "பிசாசு பாட்டு கேட்கப் போனியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். எனக்கு அப்போது எட்டு வயது.

இதெல்லாம் தெரிந்துதான் நான் அவளைப் பாடச் சொன்னேன். அதுதான் எனக்கு ஆறவில்லை.

நாங்கள் நியூ ஜெர்சிக்குத் திரும்பிவந்து மூன்று வருடம் கழித்து, ஒரு டிசம்பரில் வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் தங்கினாள். எடிசனில் உள்ள இந்தியக் கடையில் ஏலக்காயைப் பெரிய பெரிய பையாகப் பார்த்து வாயைப் பிளந்தாள். பன் மேல் தூவ அவளுக்கு வேண்டிய முத்துச் சர்க்கரை எந்தக் கடையிலும் அகப்படவில்லை. காபிக்குப் போடுகிற சர்க்கரைக் கட்டிகளைத் துணியில் முடிந்து, என் பூரிக்கட்டையால் உடைத்துத் தூவினாள். ஜெபக்கூட்டத்துக்கென்று நாற்பது பன் சுட்டோம்.

கூட்டம் பிரிட்ஜ்வாட்டரில் ஒரு டாக்டர் அங்கிள் வீட்டு பேஸ்மென்ட்டில். எல்லாரும் தமிழ்க் குடும்பங்கள். கீர்த்தனைகள் முடிந்ததும் நான் எழுந்து, "இவங்க என் ஃப்ரெண்ட், சாமி இனம். அவங்க ஊர்ப் பாட்டு ஒண்ணு பாடுவாங்க" என்றேன். "சாமியா?" என்று யாரோ கேட்க, பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவள் என் காதருகே, "சர்ச் கூட்டத்திலா? நிச்சயமாகத்தானா?" என்றாள்.

"எங்க ஆளுங்க அப்படி இல்லை" என்றேன் நான்.

அவள் கண்ணை மூடி அம்மாவைப் பாடினாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அங்கிள் கையைத் தூக்கினார். "ஸ்டாப், ஸ்டாப். சிஸ்டர், திஸ் இஸ் நாட் எ கிறிஸ்டியன் சாங்." பிறகு எங்களைப் பார்த்து, "எல்லாரும் முழங்கால் போடுங்க" என்றார். போட்டோம். நானும் போட்டேன்.

"இந்த வீட்டுக்குள்ள வந்த அசுத்த ஆவியைக் கட்டி ஜெபிக்கிறோம் ஆண்டவரே" என்று உரத்துத் தொடங்கினார். ஆமென் ஆமென் என்று குரல்கள் எழுந்தன. அதில் என் கணவர் குரலும் ஒன்று.

"என்ன சொல்கிறார்கள்?" என்று அவள் கேட்டாள்.

"உன்னை ஆசீர்வதிக்கிறாங்க" என்றேன்.

அவள் அந்த அங்கிளைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தாள். பன் தட்டை ஒரு ஆன்ட்டி மூடி, வாஷிங் மெஷின் மேல் கொண்டுபோய் வைத்தார். ஒருவரும் தொடவில்லை.

காரில் திரும்பினோம். ஹைவேயில் ஏறியதும் பின்சீட்டிலிருந்து என் மகள், "அம்மா, வொய் டிட் யூ லை?" என்றாள். தமிழ் எல்லாம் புரியும் அவளுக்கு. பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி, "தே ஸெட் யூ ஹாவ் எ டீமன்" என்றாள்.

"நீ சும்மா இரு" என்று கத்தினார் என் கணவர்.

"அவகிட்ட எதுக்குக் கத்துறீங்க? நீங்க ஆமென் சொல்லலையா?" என்று நான் கத்தினேன்.

"வேற என்ன பண்ணச் சொல்ற? எழுந்து சண்டை போடவா?"

"ஆமா!"

என் தோழி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "என் அம்மாவுக்காவது என்ன சொல்கிறார்கள் என்று புரிந்தது. நான் நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்" என்றாள்.

மறுநாள் காலை அங்கிளுக்குப் போன் செய்தேன்.

"அங்கிள், நீங்க அவங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்."

"ஏம்மா, நம்ம பிள்ளைங்க இருக்கிற எடத்துல இதெல்லாம் அலவ் பண்ண முடியுமா? நீ நல்ல குடும்பத்துப் பொண்ணு."

"அது அவங்க அம்மா அங்கிள். செத்துப்போன அம்மா."

"உனக்காகவும் ப்ரே பண்றேன்மா."

போனை அடித்து வைத்தேன். அதன் பிறகு அந்த பேஸ்மென்ட்டில் நான் கால் வைக்கவில்லை. என் கணவர் மட்டும் மாதாமாதம் போய்வந்தார். அதைப் பற்றி எங்களுக்குள் நடந்த சண்டைகளுக்குக் கணக்கில்லை.

நூவர்க் விமான நிலையத்தில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களை எனக்குத் தெரியாது" என்றாள். அணைத்துக்கொண்டாள்தான். ஆனால் முன்பு மாதம் ஒன்று வந்த கடிதம், பிறகு வருடத்துக்கு ஒன்றானது.

இரண்டாயிரத்தில் வந்த கடிதத்தில், தன் ஊர் சர்ச்சிலேயே யோய்க் பாடியதாக எழுதியிருந்தாள். பாதிரியார் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். அவருக்குப் பிடித்ததா என்று எழுதவில்லை. நான் அதை என் கணவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

"ஓ, நைஸ்" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரிமோட்டைப் பிடுங்கி டிவியை அணைத்தேன். முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன்.