கைலி அடைத்த மிதவைச் சட்டை

எங்கள் அடுக்களையில் அடுப்புப் புகையையும் கருவாட்டையும் மீறிக்கொண்டு, புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்தது போல் ஒரு வாசனை அடிக்கும். ஆணியில் மாட்டியிருந்த இரண்டு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளின் வாசனை அது. கடலுக்குப் போகிறவர்களுக்கென்று அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அரசு கொடுத்தவை. ஆனால் மண்டைக்காட்டுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் கரையில் அதைப் போட்டுக்கொண்டு கட்டுமரம் ஏறிய ஆண்பிள்ளை ஒருவரையும் நான் பார்த்ததில்லை. "நீச்சல் தெரியாதவனுக்க சட்ட" என்று அதற்குப் பேர் வைத்து, அதிகாரிகள் பார்க்க வரும்போது மட்டும் தூசி தட்டிக் காட்டுவார்கள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, அக்கா ரீனாவுக்குப் பதினான்கு. அப்பா வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தார். கரையில் கிடந்த அவருடைய சின்னக் கட்டுமரத்தை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாங்கள் இருவரும் தள்ளிக்கொண்டு போய்த் துடுப்பு போட்டுத் திரிவோம். விளையாட்டென்று விட்டுவைத்திருந்த ஊர், மாதா கோயில் திருவிழாக் கட்டுமரப் போட்டிக்கு நாங்கள் பேர் கொடுத்ததும் விழித்துக்கொண்டது. "பொட்டப்பிள்ளையளுக்கு எதுக்கு இந்த வேல" என்று கமிட்டியில் ஒரே பேச்சு. கடைசியில் பங்குத்தந்தை ஒரு வழி சொன்னார். மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு போகட்டும், ஆனால் எங்களை யாராவது போய்த் தூக்கிக்கொண்டு வரும்படி ஆகிவிட்டால் இனி இந்தக் கரையில் எந்தப் பெண்பிள்ளையும் போட்டிக்குப் பேர் கொடுக்கக் கூடாது. பிறக்காத பிள்ளைகளின் பாரத்தையும் எங்கள் தலையில் ஏற்றிவிட்டார்.

ரீனாவுக்குப் பயம் கிடையாது. எனக்கு இருவருக்கும் சேர்த்து இருந்தது. அதனால் என் இடுப்பிலிருந்து கட்டுமரத்துக்கு, ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சுப் போட்டு ஒரு கயிறு கட்டிக்கொண்டேன். துடுப்பையும் மணிக்கட்டில் கட்டினேன். ஆட்டைக் கட்டிப் போட்டிருப்பதாகச் சொல்லிப் பையன்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, கயிற்றை மட்டும் அவிழ்க்கவில்லை.

நான்கு மரங்கள் கிளம்பின. அலை உடைகிற இடத்தைத் தாண்டி, கொடி நட்ட மிதவையைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். நாங்கள் சுற்றித் திரும்பும்போது பக்கவாட்டில் ஒரு பெரிய அலை மரத்தைத் தூக்க, நான் தண்ணீரில் விழுந்தேன். சட்டை தூக்கிவிடும் என்று நம்பிக் கைகாலை ஆட்டாமல் கிடந்தேன். அது என்னைக் கீழே இழுத்தது. ஈரத்துணி மூட்டையை முதுகில் கட்டி இறக்கியது போலிருந்தது. கயிற்றைப் பிடித்து ஏறித் தலையை வெளியே நீட்டியபோது, காவலுக்கு நின்ற வள்ளத்தின் இன்ஜின் சத்தம் எங்களை நோக்கி வருவது கேட்டது. ரீனா துடுப்பைக் குறுக்கே உயர்த்திப் பிடித்தாள்.

"கிட்ட வராதீங்க, நாங்க வந்திருவோம். ஏட்டி, அந்தச் சட்டையக் கழத்தி மரத்துல போடு."

கழற்றினேன், ஏறினேன். மணிக்கட்டில் துடுப்பு பத்திரமாக இருந்தது. வள்ளம் சற்றுத் தள்ளியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் துடுப்பு போட்ட வேகம் எங்கிருந்து வந்ததென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு பெரிய அலையின் மேலேறிக் கரையில் வந்து முட்டியபோது நாங்கள் மூன்றாவது. எங்களைப் பார்த்துச் சிரித்த ஒரு ஜோடி எங்களுக்குப் பின்னால் வந்தது. அந்தச் சந்தோஷம் எனக்குப் பிறகு எந்தப் பரீட்சையிலும் கிடைக்கவில்லை.

சட்டையை ஏன் கழற்றினாய் என்று பங்குத்தந்தை கேட்டார். அது மணலில் போட்ட இடத்தில் ஒழுகிக்கொண்டே கிடந்தது. அம்மா தையலைப் பிரித்தாள். உள்ளேயிருந்து நீலக் கட்டம் போட்ட பழைய கைலி முழம் முழமாக வந்தது. அது யாருடையது என்று பக்கத்தில் நின்ற சித்திக்கு உடனே தெரிந்துவிட்டது. உள்ளிருந்த மிதவைத் துண்டுகளை அறுத்து வலைக்குக் கட்டிவிட்டு, அதிகாரி தடவிப் பார்த்தால் தெரியாமலிருக்கச் சித்தப்பா அடைத்து வைத்த கைலி.

"பிள்ளைக்க உசுரக் காக்க வச்சதுலயா கைலிய அடச்சி வச்சிய?" என்று அம்மா கேட்டாள். சித்தப்பா கைலியை மணலிலிருந்து வாரிச் சுருட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பங்குத்தந்தை சொல்லி எல்லா வீட்டுச் சட்டைகளும் கோயில் முற்றத்தில் பிரிக்கப்பட்டன. கிழிந்த சேலை, பழைய சாக்கு, தேங்காய் நார் எல்லாம் வந்தன. ஊரிலிருந்த பாதி ஆண்களுக்கு அன்று வேறெங்கோ பார்வை. பெண்பிள்ளைகளைப் பற்றிப் பேச யாருக்கும் முகமில்லை.

இப்போது நான் நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டக்கோட்டைப் பக்கம் கடலில் கயாக் படகு ஓட்டுகிறேன். யார் கொடுத்த சட்டையானாலும், கழுத்தளவு தண்ணீரில் காலைத் தூக்கிப் பார்த்து, அது என்னைத் தாங்கிய பிறகுதான் ஆழத்துக்குப் போவேன். ஊரில் கட்டுமரங்கள் போய் ஃபைபர் வள்ளங்கள் வந்துவிட்டன, போட்டிக்கு மட்டும் இன்னும் துடுப்புதான். கமிட்டியும் மாறிவிட்டது. இந்த வருடத் திருவிழாப் போட்டிக்கு ரீனாவின் மகள் பேர் கொடுக்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன், ஏதாவது பேச்சு வந்தால் பதில் சொல்லலாம் என்று. மேஜையிலிருந்தவர் பேரை எழுதிக்கொண்டு, நிமிராமலே அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"துடுப்பு கையில இருக்கா மக்கா, நாங்க தரணுமா?"