கைச்சூட்டில் பிரிந்த தண்ணீர்

போன கிழமை என் உள்ளங்கைக்குள் தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது.

எண்ணெயும் தண்ணீரும் என்று நினைக்காதீர்கள். மேலே இருந்ததும் தண்ணீர், கீழே இருந்ததும் தண்ணீர்தான்.

என் மகள் தேவகி கம்பஸில் கடைசி வருடம். திருக்கை மீனின் ஈரலில் உள்ள புரதங்களைப் பிரித்தெடுப்பது அவளுடைய ஆராய்ச்சி. துறைமுகப் பக்கத்தில் ஈரல் வாங்கிக் கொடுப்பது என் வேலை. ஐஸ் பெட்டியை வாசலில் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்தக் கட்டடத்துக்குள் என்ன வேலை? என் கூச்சம் அப்படி.

அன்று அவளே வாசலுக்கு வந்தாள்.

"உள்ளுக்கு வாங்கோ அப்பா. கரண்ட் இல்ல, ஒரு மெஷினும் வேலை செய்யாது. ஆராய்ச்சியைப் பார்க்கிற எங்கட சேர் நாளைக்கு லீவில போறார். இண்டைக்குக் காட்டாட்டி ஒரு மாசம் பிந்தும்."

ஐஸுக்குள் கிடந்த சின்னக் குழாய் ஒன்றை என் கையில் வைத்தாள். ஈரல் சாறு, அதோடு சவர்க்காரத்துக்குச் சொந்தக்காரச் சாமான் ஒன்று. குளிரில் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது.

"மெஷின் தேவையில்ல, கைச்சூடே காணும். பொத்திப் பிடியுங்கோ. ஆட்டக்கூடாது."

"உன்ர கைக்கு என்ன?"

"ஐஸில விறைச்சுப்போச்சு அப்பா."

கொஞ்ச நேரத்தில் பால் விட்டதுபோலக் கலங்கியது. பிறகு... மெல்ல மெல்ல அடியில் தனி அடுக்காக ஒரு தடித்த படை இறங்கியது. கொழுப்போடு ஒட்டி வாழும் புரதங்கள் அதற்குள் போய்விடுமாம். தண்ணீரை விரும்புகிறவை மேலேயே நின்றுவிடுமாம். யாரும் பிடித்துத் தள்ளுவதில்லை. கலியாண வீட்டில் கதைக்கத் தெரிந்தவர்கள் பந்தலுக்குள்ளும் என்னைப் போன்றவர்கள் குசினிப் பக்கமும் சேர்வதில்லையா — அப்படித்தான்.

அப்போது கதவு திறந்தது. சேர் வந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? துள்ளி எழும்பிக் கைகட்டி நின்றேன். வாத்தியார் வந்தால் வேறு எப்படி நிற்பது? குழாய் கக்கத்துக்குள் தலைகீழாகக் கிடந்தது.

"அப்பா..." என்றாள் தேவகி.

இறங்கிய படையெல்லாம் மறுபடி கலங்கிப் போயிருந்தது.

"பழுதாக்கிப்போட்டன் சேர்," என்றேன்.

"திரைஞ்சு போக இதென்ன பாலா, ஐயா?" என்றார் சேர். " ஐஸில வைச்சாத் திரும்பத் தெளியும். சூடு பட்டாத் திரும்பப் பிரியும்."

"அது எனக்கும் தெரியும் சேர்," என்றாள் மகள். "ஆனா நீங்கள் வந்தா இவர் திரும்ப எழும்புவார்."

சேர் சிரித்துக்கொண்டு எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார். மறுபடி ஐஸ். மறுபடி என் கை. கலங்கியது எதுவும் திரும்பத் தெளியாது என்று நம்பியே எத்தனை காரியங்களைப் பாதியில் விட்டிருக்கிறோம்?

படை இறங்கி முடிந்தபோது சேர் திரும்பி வந்தார். குழாயை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வடிவாப் பிரிஞ்சிருக்கு. எழுதுங்கோ, பிள்ளை."

நான் எழும்பவில்லை. இருந்தபடியே கையை மட்டும் கட்டிக்கொண்டேன்.