பெண்கள் வார்டு

அந்த வருஷம் எங்கள் ஒன்றிய வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். செய்தி வந்த சாயங்காலமே அப்பாவும் பெரியப்பாவும் தனித்தனி வண்டியில் கட்சி ஆபீசுக்குக் கிளம்பிப் போனார்கள். அதனால் இது ஆண்கள் சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

கிரிவலப் பாதையோரம் இருக்கும் அடி அண்ணாமலையில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒட்டினாற்போல இருந்தன. தெருப்பக்கம் இரண்டு வாசல். கொல்லைப்பக்கம் தடுப்பு எதுவும் கிடையாது. எங்கள் சாமந்தித் தோட்டமும் அவர்களுடைய கடலைக்காயும் ஒரே போர் மோட்டாரில்தான் விளைந்தன. மோட்டார் கொட்டகை பெரியப்பா நிலத்தில் இருந்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கட்சி. பெரியப்பா கிளைச் செயலாளர். அப்பா கூட்டங்களுக்கு டிராக்டரில் ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவர். பெரியப்பா வீட்டு வாசலில் காலையில் எப்போதும் யாராவது நிற்பார்கள். முதியோர் பென்ஷன் நின்றுபோனவர்கள், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவேண்டியவர்கள், மகளைப் பிரசவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகத் துணை கேட்கிறவர்கள். எல்லோரும் பெரியப்பாவைப் பார்க்க வந்தவர்கள் என்றுதான் சொல்லிக்கொள்வோம். பெரியப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார். பெரியம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர்களோடு பஸ் ஏறுவார்.

கட்சி அறிவித்த வேட்பாளர் பட்டியலில் அம்மாவின் பெயர் வந்தது. அம்மா காலேஜ் முடித்தவர். 'படித்த பெண்' என்று ஒன்றியச் செயலாளருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த யாரோ அப்பா என்பது பெரியப்பாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் கொடி கட்டியவன் நான், என் வீட்டில் பெண் இல்லையா என்று தெருவில் நின்று கத்தினார். மறுநாள் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு போய் சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மோட்டார் ஓடவில்லை. கேட்டால் மோட்டாரின் காயில் கம்பி எரிந்துவிட்டது என்று பதில் வந்தது. ஆனால் விடிகாலையில் கடலைக்காய்க் கால்வாயில் ஈரம் இருந்ததை நானே பார்த்தேன். சாமந்திப் பூக்கள் மொட்டாகவே சுருங்கத் தொடங்கின. பெரியப்பாவின் மகள், எனக்கு அக்கா, பள்ளிக்கூட பஸ்ஸில் தினமும் எனக்கு ஜன்னலோர இடம் விடுவாள். அவள் இப்போது முன்சீட்டில் டீச்சருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எனக்குச் சாப்பிட்டால் வயிறு வலித்தது. சாப்பிடாவிட்டாலும் வலித்தது.

அம்மாவோடு ஓட்டுக் கேட்கப் போனபோது வலி இன்னும் ஜாஸ்தியாயிற்று. முன்னால் மைக் கட்டிய வேன், பின்னால் அப்பா, அவருக்குப் பின்னால் கைகூப்பியபடி அம்மா. அம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. கதவைத் திறந்தவர்கள் எல்லோரும் "சரிம்மா, பாக்கலாம்" என்றார்கள். ஒரு வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்த பெண் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"பெரியவங்க வரலியா?"

"எங்கண்ணன் வேற பக்கம் கீறாரு" என்றார் அப்பா.

"அவர யார் கேட்டாங்க? உங்க அண்ணிய கேட்டேன்" என்றுவிட்டு அவள் மாவைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஓட்டுப்பதிவு அன்று பூத்தில் உட்கார ஒத்துக்கொள்ளும் ஏஜெண்ட் கிடைக்கவில்லை. கட்சிக்காரர்கள் பாதிப்பேர் பெரியப்பா பக்கம், மீதிப்பேர் யார் பக்கமும் இல்லாமல் டீக்கடையில் இருந்தார்கள். எதிர்க்கட்சி வேட்பாளரின் ஆட்கள் மட்டும் ஒரே நிறத் துண்டு போட்டுக்கொண்டு தெருத்தெருவாகச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

ஒருநாள் ஒன்றியச் செயலாளர் காரில் வந்து இறங்கினார். பருத்த, குரல் கம்மிய மனிதர். நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனார். கொல்லைப்பக்கமாக நானும் போய்க் கதவருகில் நின்றேன்.

"போன தடவ இன்னா ஆச்சு? நம்மாளுங்க ரெண்டு பேர் நின்னு, ரெண்டு பேரும் தோத்தாங்க. ஓட்டு நம்மகிட்டதான் ஜாஸ்தி. பிரிஞ்சா எதிர்க்கட்சி சும்மா உக்காந்துனே ஜெயிச்சுடும்."

"அத எந்தம்பிகிட்ட சொல்லுங்க" என்றார் பெரியப்பா.

"உனக்கு இன்னா வேணும் சொல்லு."

"எனக்கு ஒண்ணும் வேணாம். என் மரியாத எனக்கு வேணும்."

பெரியம்மா காபி கொண்டுவந்து வைத்தார். அவர்தான் வேட்பாளர். செயலாளர் காபியை எடுத்துக்கொண்டு பெரியப்பாவின் மரியாதையைப் பற்றியே பேசினார். பெரியம்மா காலி டம்ளர்களுக்காகச் சற்றுநேரம் நின்றிருந்துவிட்டு உள்ளே போய்விட்டார். பேச்சு முறிந்து கார் கிளம்பிப் போயிற்று. அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. தோற்றால் இந்த ஊரிலேயே இருக்கமுடியாது என்று அம்மாவிடம் சொன்னார். நாங்கள் வேறு எந்த ஊருக்குப் போவோம், அங்கே என் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று நான் பயந்துகொண்டு படுத்திருந்தேன்.

மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள் பௌர்ணமியாக அமைந்தது. மதியம் மூன்று மணிக்குமேல் வாபஸ் கிடையாது. ஊரில் எல்லோரும் கிரிவலப் பாதையில் கடை போடும் மும்முரத்தில் இருந்தார்கள். அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு பக்கம் போயிருந்தார்கள். அம்மா திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கமாக நடந்தார். பெரியம்மா கடலைக்காய்க் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். அம்மாவும் வரப்பிலிருந்து இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்து களை பிடுங்க ஆரம்பித்தார். அம்மாவுக்குக் களைக்கும் செடிக்கும் வித்தியாசம் தெரியாது.

"அதுங்க செடிம்மா, வுடு" என்றார் பெரியம்மா.

அம்மா கையை எடுத்துக்கொண்டார். "அக்கா, ஒண்ணு கேக்கறேன். நிக்கணும்னு மாமாவுக்கு ஆசயா, உங்களுக்கு ஆசயா?"

பெரியம்மா இன்னொரு களையைப் பிடுங்கினார். பிடுங்கிய களையின் வேரில் ஒட்டியிருந்த மண்ணை உதறிக்கொண்டே இருந்தார்.

"இத யாருமே எங்கிட்ட கேக்கல" என்றார் கடைசியில். "எனக்குத்தான் ஆச. அவருக்கு எங்க, அவருக்கு ரோசம்."

"அப்ப நான் வாபஸ் வாங்கிடறேன்க்கா."

"பைத்தியமா நீ? கட்சி சின்னம் உம் பேர்ல வந்துட்ச்சி. நீ வெலகினா சின்னமே இல்லாமப் பூடும். சின்னம் இல்லாம நான் நின்னா, எனக்கு மனசார போடறவங்ககூட தேடிப் பாத்துட்டு வேற எங்கனா குத்திட்டு வந்துடுவாங்க." பெரியம்மா எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். வானத்தைப் பார்த்தார். "மணி இன்னா ஆவுது? வா, எம் மனுவ வாபஸ் வாங்கினு வந்துடலாம்."

ஒன்றிய அலுவலகம் வேங்கிக்கால் பக்கம், மலைக்கு அந்தப்புறம். பௌர்ணமி என்பதால் போலீஸ் ஏற்கெனவே பாதையை அடைத்திருந்தது. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. பாதை முழுக்க ஜனம், ஈசுவரனை நினைத்துக்கொண்டு மெதுவாக நடக்கிற ஜனம். அதற்குள் நாங்கள் மூவரும் இடித்துப் புகுந்து ஓடினோம். செருப்புக் காலோடு கிரிவலம் வருகிறாள் பார் என்று ஒரு கிழவர் பெரியம்மாவைத் திட்டினார். பெரியம்மா திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினார். அம்மாவுக்கு மூச்சு இரைத்தது. மணி தவறிவிடும், மோட்டார் இனி ஓடவே ஓடாது என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

குபேர லிங்கக் கோயிலுக்கு அப்பால் ஒரு குறுக்குச் சந்தில் பால் வேன் நின்றிருந்தது. பெரியம்மாவைப் பார்த்ததும் டிரைவர் கீழே குதித்தான்.

"இன்னா பெரிம்மா, இப்டி ஓடியாறீங்க?"

"வேங்கிக்கால் போணும்டா. மூணு மணிக்குள்ள."

அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேன்களை ஒதுக்கி எங்களை ஏற்றிக்கொண்டான். சுற்றுவழியில், வயலும் புது மனைகளுமாக மாறிமாறி வந்த மண்ரோட்டில் வேன் குலுங்கிக்கொண்டு போயிற்று. கொழந்தை எப்டிடா கீது என்று பெரியம்மா கேட்டார். நடக்குது பெரிம்மா, அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீங்க இல்லன்னா என்று ஆரம்பித்தவனை, ரோட்டப் பாத்து ஓட்டு என்று அடக்கினார்.

அலுவலக வராந்தாவில் என்னை உட்காரவைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அதன் முள் மூன்றை நோக்கி நகர்வதைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அம்மா முன்னால் நின்றிருந்தார், கண்கள் சிவந்திருந்தன. பின்னால் வந்த பெரியம்மா என்னைப் பார்த்து, "எழுந்துருடி, பசிக்கல உனக்கு?" என்றார். எதிர்க்கடையில் மூவரும் போண்டா தின்றோம். வெகுநாளைக்குப் பிறகு எனக்கு வயிறு வலிக்கவில்லை.

பெரியப்பா வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் மறுநாள் ஒன்றியச் செயலாளர் ஒரு கூட்டத்தோடு வந்து, கட்சிக்காக விட்டுக்கொடுத்த பெருந்தன்மைக்காகப் பெரியப்பாவுக்குச் சால்வை போர்த்தினார். பெரியப்பா முதலில் திகைத்தார். பிறகு சால்வையைச் சரிசெய்துகொண்டு, கட்சிதான் பெரிசு, நானா பெரிசு என்று பேசினார். அப்பா போய் அண்ணன் காலைத் தொட்டார். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அன்று மாலையே காயில் தானாகச் சரியாகி மோட்டார் ஓடியது.

மைக் வேனைப் பெரியம்மா வேண்டாம் என்றார். தெருவுக்கு ஒரு பெண்ணைப் பொறுப்பாக வைத்தார். யார் வீட்டில் வெளியூருக்கு வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள், யாரைச் சைக்கிளில் உட்காரவைத்துத்தான் கூட்டிவரமுடியும், எந்த ஓரகத்திகள் ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டார்கள் என்பதெல்லாம் அந்தப் பெண்களுக்குத் தெரியும். விடியும் முன் எல்லோரும் கொல்லை வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதால் பெரியம்மாவும் அம்மாவும் அதற்கு முன்பே வீடுவீடாகப் போனார்கள். ஓட்டுக் கேட்பதே இல்லை. உட்கார்ந்து, மருமகள் சண்டையிலிருந்து மாட்டுக் காய்ச்சல்வரை கேட்டுவிட்டு, எழுந்திருக்கும்போது, "தோ, நம்மளுதுதான், நம்ம சின்னந்தான்" என்று பெரியம்மா அம்மாவைக் காட்டுவார். டீக்கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். அவர்களுடைய மனைவிகள் ஏற்கெனவே எங்களோடு இருந்தார்கள்.

ஓட்டுப்பதிவு அன்று மதியம்வரை மேட்டுத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. குழாயில் தண்ணீர் வராத கோபத்தில் யாருக்கும் போடப்போவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார்களாம். பெரியப்பா ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய்ப் பேசுகிறேன் என்றார். ஆம்பளைங்க யாரும் வரவேணாம் என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா தனியாகப் போனார். நான் பூத் இருந்த பள்ளிக்கூடத்தின் சுவரில் ஏறி உட்கார்ந்து அந்தத் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் சாய்ந்தது. பூத் மூடப்போகும் நேரம் நெருங்கியது. அப்போதுதான் தெருமுனையில் புடவைகள் தெரிந்தன. முதலில் கொஞ்சம், பிறகு தெருவே காலியாகி வருவதுபோல. எல்லோருக்கும் கடைசியில் காலிக் குடம் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு பெரியம்மா வந்தார். ஜெயித்தாலும் தோற்றாலும் குழாயில் தண்ணீர் வரும்வரை அந்தக் குடம் தன் வீட்டில்தான் இருக்கும் என்று சொல்லி வாங்கிவந்தாராம்.

ஓட்டு எண்ணுகிற அன்று கலர் கலரான சீட்டுகளைப் பிரிக்கவே நேரம் போயிற்று. முன்னால் இருக்கிறோம் என்றார்கள், பின்னால் போய்விட்டோம் என்றார்கள். நான் பாத்ரூமுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். கடைசியில் கொஞ்ச வித்தியாசத்தில் அம்மா ஜெயித்துவிட்டதாக போன் வந்தது. அந்த வித்தியாசம் மேட்டுத் தெரு ஓட்டைவிடக் கம்மி என்று அப்பா பிற்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊருக்குள் பட்டாசு வெடித்தது. பெரியப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். செயலாளர் மைக்கைப் பிடித்து, அண்ணன் தம்பி ஒற்றுமைதான் இந்த வெற்றி என்று முழங்கினார். அம்மா கழுத்து தெரியாத அளவுக்கு மாலையோடு ஜீப்பில் நின்றார். ஒரு மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் யாரையோ தேடினார். அதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

பெரியம்மா கொல்லையில் துவைக்கல்மேல் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் வைத்திருந்தார்.

"பெரிம்மா, நாம ஜெயிச்சுட்டோம். இங்க ஏன் உக்காந்துனுகீறீங்க?"

"கால் நோவுதுடி" என்றார். பிறகு, "மைக்குல உங்கம்மா பேர எப்டி சொன்னாங்க? சொல்லிக் காட்டு."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கையை மைக்காகப் பிடித்து, வெற்றி வாகை சூடிய என்று தொடங்கி, அம்மாவின் பெயரை நீட்டி, அவர்களே என்று முடித்தேன். இன்னொரு தரம் என்றார். சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப எம்பேரப் போட்டு ஒரு தரம் சொல்லு."

வெற்றி வாகை சூடிய என்று உற்சாகமாகத் தொடங்கிய நான் அங்கேயே நின்றுவிட்டேன். எனக்கு அவர் பெயர் தெரியவில்லை. வீட்டில் அண்ணி, அக்கா, பெரியம்மா, ஊரில் பெரிம்மா. வேறு எதையும் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. விட்டுவிடக்கூடாதே என்று, "வெற்றி வாகை சூடிய பெரியம்மா அவர்களே!" என்று கத்தினேன். பெரியம்மா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்காமல் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன்.

"உங்க பேர் இன்னா பெரிம்மா?" என்று கேட்டேன்.

அவர் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, போய்ப் பட்டாசு பாரு என்று என்னை அனுப்பிவிட்டார். அவ்வளவு ஆசையாகக் கேட்டவர், தன் பெயரை ஏன் எனக்குச் சொல்லித்தரவில்லை என்பதுதான் ஓடும்போது எனக்குப் புரியவே இல்லை.