அரிசிப் பைக்கு அடியில் வைத்த பவர் பேங்க்

எங்கள் அறையில் பொருள்கள் மூன்று விதமாகச் சாகும். வாங்கிய வாரமே செத்துப்போவது ஒரு வகை. சந்தை இயர்போன்கள் அப்படி. பாதி செத்தும் இழுத்துக்கொண்டு கிடப்பது இன்னொரு வகை. வயரை ஒரு கோணத்தில் மடக்கிப் பிடித்தால் மட்டும் வேலை செய்யும் சார்ஜர்கள். மூன்றாவது வகை வெளியே நன்றாக இருந்துகொண்டே உள்ளே கெட்டுப்போகும். எனக்குப் பயம் அதனிடம்தான்.

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வீட்டின் மாடியில் அந்த அறை. என்னோடு தங்கியிருந்த அக்கா கோவில்பட்டிப் பக்கம். இருவருக்கும் வல்லம் வடகாலில் ஒரே கம்பெனி. போனுக்குள் போகும் பேட்டரிகளை ஒவ்வொன்றாக ஒரு குறுகிய இடுக்கில் நுழைத்துப் பார்ப்பது உற்பத்தி லைனில் அக்காவின் வேலை. நுழையவில்லை என்றால் அது உப்பியிருக்கிறது. சிவப்புப் பெட்டிக்குப் போக வேண்டும். டிப்ளமோ முடித்துத் தரப் பிரிவில் சேர்ந்த நான், அந்தச் சிவப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டு போய் உப்பியதன் காரணத்தைத் தேடுவேன்.

கோடை விடுமுறைக்கு அக்காவின் மகள் வருவதாக இருந்தது. ஊரில் மாமியாரிடம் வளரும் பிள்ளை. கொஞ்ச நாளாவது தன்னிடம் அனுப்பும்படி அக்கா வெகுநாளாகக் கெஞ்சி, பொங்கலுக்குப் பிறகுதான் மாமியார் தலையசைத்திருந்தார். அன்றிலிருந்து அறை நிறைய ஆரம்பித்தது. பூனைப் படம் போட்ட தண்ணீர் பாட்டில், விளக்கு எரியும் செருப்பு, பிளாஸ்டிக் நாற்காலி. பாட்டிலின் மூடி பிள்ளை வருவதற்கு முன்பே உடைந்தது. அக்கா அதைக் குப்பையில் போட்டுவிட்டு வேறொன்று வாங்கினார். செருப்பில் ஒரு பக்கம் விளக்கு அணைந்தது. அதற்கும் வேறு வந்தது.

வெயில் ஏற ஏற மின்சாரம் அடிக்கடி போனது. பிள்ளையோடு பேச அக்காவுக்கு இருந்தது ஒரு பவர் பேங்க். ஒருநாள் அது மேசைமேல் வைத்தால் தட்டையாக உட்காராமல் ஆடியது.

“அக்கா, இது உப்பிடுச்சு. லைன்ல இப்படி ஒண்ணு வந்தா என்ன செய்வீங்க?”

“அது கம்பெனி பேட்டரில்லா. இது என்னோடது.”

“உப்புறதுக்கு அந்த வித்தியாசம் தெரியாதுக்கா.”

அவர் போனைத் திருப்பி என்னிடம் ஒரு வீடியோவைக் காட்டினார். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, பின்னால் கருவிகள் தொங்கும் பலகை. எடுத்ததும் “அக்காமார்களே” என்று கூப்பிட்டுத்தான் அந்த ஆள் பேச ஆரம்பித்தார். உப்பிய பவர் பேங்கில் இருப்பது வெறும் காற்றுதான், நாலு நாள் கனமான பொருளுக்கு அடியில் வைத்தால் காற்று இறங்கிவிடும், தூக்கியெறிந்து காசைக் கரியாக்காதீர்கள் என்றார். அடுத்த காட்சியில் அது தட்டையாக இருந்தது.

நான் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உப்பியதில் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு கீறல் இருந்தது. தட்டையானதில் இல்லை. முதலாவதில் எழுத்து மங்கியிருந்தது. இரண்டாவதில் பளிச்சென்று இருந்தது.

“இது ரெண்டும் வேற வேறக்கா.”

“ஏட்டி, எதுல குத்தம் கண்டுபிடிக்கலாம்னே பொறந்தவளா நீ? நாளைக்கு உன்னைப் பொண்ணு பாக்க வந்தா, மாப்பிள்ளையையும் இப்படித்தான் நிறுத்தி நிறுத்திப் பாப்ப போல.”

“கீறல் இருந்தா கேப்பேன்.”

சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா இனி அந்த பவர் பேங்கை வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன். கீறலைப் பற்றி அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு கருத்தும் எழுதினேன். மறுநாள் அது அங்கே இல்லை. அக்காவுக்கு அந்த ஆள்மேல் இருந்த நம்பிக்கை எனக்குப் புரியாமலில்லை. கம்பெனியில் ஏன் உப்புகிறது என்று அவரிடம் யாரும் சொன்னதே கிடையாது. சிவப்பில் போடு என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். காரணம் என்று ஒன்றை, அது பொய்யாகவே இருந்தாலும், அக்கா என்று அழைத்துச் சொன்னவர் அந்த வீடியோ ஆள் ஒருவர்தான்.

சில நாள் கழித்து வீட்டுக்காரம்மா மாடிக்கு வந்தார். நிலமெல்லாம் விற்று அறை கட்டி வாடகைக்கு விட்ட குடும்பம் அவர்களுடையது.

“இன்னாம்மா, யாரு நெயில் பாலிஷ் போட்டுகினு கீறது? படி வரைக்கும் வாசனை வருது.”

எங்கள் இருவருக்கும் லைனில் நகப்பூச்சுக்கு அனுமதி இல்லை. அறையில் நகப்பூச்சே கிடையாது. அந்த இனிப்பு வாசனையைச் சிவப்புப் பெட்டியில் முகர்ந்திருக்கிறேன். பேட்டரி கசிந்தால் வரும் வாசனை.

மூலையில் இருந்த அரிசிப் பையைத் தூக்கினேன். அதன் அடியில், பழைய நைட்டியில் சுற்றி, அது இருந்தது. துணியோடு எடுக்கும்போதே கையில் சூடு தெரிந்தது. பைக்குப் பக்கத்தில், பிள்ளைக்கென்று வாங்கிய மெத்தை சுருட்டி வைத்திருந்தது.

மொட்டை மாடியில் கட்டட வேலையில் மிஞ்சிய மணல் கிடந்தது. உடைந்த சிமெண்ட் தொட்டியில் மணலை அள்ளிப் போட்டு அதை நடுவில் புதைத்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்த அக்கா தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய் மெத்தையை விரித்து முகர்ந்து பார்த்தார்.

அதை எங்கே கொடுப்பது என்பதுதான் அடுத்த சிக்கல். குப்பை வண்டிக்கார அம்மா கையை எடுத்துக் கும்பிட்டார். “வோணாம் கண்ணு. ஒருவாட்டி வண்டியிலயே பொகைஞ்சுகினு வந்துச்சு.” ஒரகடத்தில் அதை விற்ற கடைக்காரர் புதியதைக் காட்டினார்; பழையதைத் தொடவில்லை. வாங்குவதற்கு இந்தச் சாலை முழுக்க இடம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க ஓர் இடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல், துணி காயப்போடப் போன அக்கா கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தால் தொட்டியிலிருந்து பாம்பு சீறுவது போல ஒரு சத்தம். வெள்ளைப் புகை தூணாக எழுந்தது. பிறகு ஒரு நொடி தீ. மணல் கருகி அடங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர் மாடியில் யாரோ ஒரு பெண் போனை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

சாயங்காலத்துக்குள் வீடியோ வந்துவிட்டது. உள்ளூர்ச் செய்தி போடும் ஒரு பக்கம். பிள்ளைப்பாக்கம் பெண்கள் விடுதியில் பயங்கரத் தீ விபத்து என்று தலைப்பு. முதல் சில நொடி எங்கள் புகை. பிறகு எங்கோ ஓர் ஐந்து மாடிக் கட்டடம் எரிந்தது. மஞ்சள் உடை போட்ட ஒரு பெண் மூன்றாவது மாடியிலிருந்து குதித்தாள்.

வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். “பாருடி, பேங்க் லோன் இல்லாம என் வூட்டுக்கு நாலு மாடி கட்டிக் குட்த்துட்டானுங்க!”

நான் பிழைகளை வரிசையாகச் சொன்னேன். மாடிக் கணக்கு தப்பு. கீழே நிற்பவர்கள் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார்கள். தீயணைப்பு வண்டியில் இருப்பது தமிழ் எழுத்தே இல்லை. கம்பெனியில் ஒரு சின்னத் திருகுக்குக்கூட எங்கிருந்து, எந்த நாளில் வந்தது என்று எண் உண்டு. இந்த நெருப்புக்கு எந்த எண்ணும் இல்லை. அக்கா எதையும் கேட்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடித்தது. மாமியார். வீடியோ ஊருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

“பிள்ளைய அனுப்ப மாட்டேன். நீயும் கெளம்பி வா.”

“அத்தே, அது எங்க வீடு இல்ல. மணல்ல ஒரு பேட்டரி பொகைஞ்சது, அவ்வளவுதான்.”

“அப்பம் பொகைஞ்சது நெசந்தான?”

“நெசந்தான். ஆனா தீ வேற ஊரு. இருங்க, நான் காட்டுதேன்.”

வீடியோ காலில் போனைத் தூக்கிப் பிடித்து நடந்தார். கருகாத சுவர்கள், படி, சமையல் மூலை, விரித்த மெத்தை. மொட்டை மாடிக்கு ஏறித் தொட்டியைக் காட்டினார். நான் பின்னால் விளக்குப் பிடித்துக்கொண்டு போனேன்.

“இத எப்பம் எடுத்து வச்ச?”

“அத்தே, இது இப்பம். நேர்ல காட்டுதேன்.”

“இப்பமெல்லாம் நேர்ல காட்டுத மாதிரியே பொய்யா செய்யுதானுவளாம். ஒருத்தன் வெவரமா சொன்னானே.”

“யாரு சொன்னா?”

“போன்லதான்.”

நான் ஏதாவது சொல்வேனா என்று அக்கா என் பக்கம் திரும்பினார். நான் விளக்கைத் தொட்டிக்குள் இன்னும் தாழ்த்திப் பிடித்தேன்.

மறுமுனையில் பிள்ளை போனைப் பிடுங்கியது.

“அம்மா, குதிச்சப்போ கால் வலிச்சுதா?”

“நான் குதிக்கலட்டி. இந்தா பாரு, நிக்கேன்லா.” போனைத் தன் முகத்துக்குத் திருப்பி, பிறகு பாதங்களுக்கு இறக்கிக் காட்டினார்.

பிள்ளை பாதங்களைப் பார்த்தது. பிறகு, பெரியவர்கள் தன்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்ற குரலில் சொன்னது.

“நான் பாத்தேனே.”