ஏழாவது புள்ளி

உள்ளங்கை அகல எஃகுத் தகடு. அதில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்கள். இன்று காலையும் அதை ஊறவைத்துக் கழுவி, முதல் வேலையாக ஏழாவது புள்ளியைச் சோதித்தேன். 

ஆம்பூரில் தோல் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. வந்திருப்பது வெள்ளாடா செம்மறியா என்று சொல்ல வேண்டும். நகத்துண்டு அளவு தோலைக் கரைத்து ஒரு சொட்டைப் புள்ளியில் விட்டு, மேலே அமிலக் கரைசல் ஒரு சொட்டு விடுவேன். இரண்டும் சேர்ந்து வெள்ளைப் படிகமாகக் காயும். காற்றை நீக்கிய பெட்டிக்குள் லேசர் அதன்மேல் ஒரு கணம் விழும். ஒளியை வாங்கிக்கொள்வது அமிலம்தான். அது ஆவியாகிக் கிளம்பும்போது புரதத் துணுக்குகளை உடையாமல் தூக்கிக்கொண்டு போகும், மின்னூட்டமும் கொடுக்கும். பிறகு குழாய்க்குள் அந்தத் துணுக்குகளின் ஓட்டம். எடை குறைந்தது முதலில் வரும், கூடியது பின்னால். வந்து சேர்ந்த நேரம் எடையைச் சொல்லும், எடை ஆட்டைச் சொல்லும்.

பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் ரகம் பிரிக்கும் என் அண்ணனுக்கு இதெல்லாம் வேண்டாம். தோலை மடித்து மயிர்க்கண் வரிசையைப் பார்த்தே சொல்லிவிடுவார். எங்களுக்கு மாதிரிகள் வெறும் எண்ணோடுதான் வரும். ஓர் எண்ணுக்கு, வெள்ளாட்டில் செம்மறி கலந்திருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். அது அண்ணன் கையெழுத்துப் போட்ட சரக்கு என்று அவர் போன் செய்தபோதுதான் தெரிந்தது.

"அத்தினியும் வெள்ளாடும்மா. ஒவ்வொண்ணா நான் பார்த்தது. இன்னொரு வாட்டி போட்டுப் பாரேன்."

"மெஷினுக்கு அண்ணன் தங்கச்சியெல்லாம் தெரியாதுண்ணா," என்றேன். என்ன திமிர் எனக்கு!

"செரி, வுடு" என்று வைத்துவிட்டார். கலப்படம் செய்தவர் என்று சொல்லி அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து, எதுவும் வைக்காத ஏழாவது புள்ளியில் லேசர் தவறிப்போய் விழுந்தது. வெறும் புள்ளி செம்மறி என்றது. அவசரத்தில் ஊறவைக்காமல் துடைத்த தகடு. பழைய சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. நோட்டைப் புரட்டினேன். அண்ணனின் மாதிரி வைத்ததும் ஏழில்தான். அதற்கு முந்தின நாள் அதே இடத்தில் வேறொரு மாதிரி, செம்மறி. அண்ணன் மாதிரியின் மீதிக் கரைசலைப் புதுத் தகட்டில் வைத்தேன். சுத்த வெள்ளாடு.

திருத்திய அறிக்கை போனது. ஷாப்பில் திரும்பக் கூப்பிட்டார்கள், அண்ணன் போகவில்லை. பள்ளிகொண்டா பெட்ரோல் பங்க்கில் நிற்கிறார். அங்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். வந்து நின்ற ஒரு வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அவங்க நம்பலன்னா போவுது. நீ ஒரு வாட்டி போட்டுப் பாத்திருக்கலாமேம்மா."

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இன்று ஏழாவது புள்ளியில் அமிலம் மட்டும் வைத்து லேசரால் சுட்டேன். வெள்ளாடும் இல்லை, செம்மறியும் இல்லை. சுத்தம் என்று நோட்டில் எழுதினேன். அண்ணன் இப்போது போன் செய்வதில்லை.