பாடக்குறிப்பில் எழுதிய ஒரு வரி

பாடக்குறிப்பு நோட்டில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கும். பதினெட்டு வருடமாக அதில் நான் நிரப்பியது இரண்டே வார்த்தைகள்தான்: 'அறிந்துகொள்வர்', 'புரிந்துகொள்வர்'. போன வருட நோட்டைப் பார்த்து இந்த வருட நோட்டில் அப்படியே இறக்கிவிடுவேன். எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் இதெல்லாம் ஒரு குற்றமே இல்லை.

திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலை கிராமத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு மாலை வகுப்பு எடுக்கச் சொன்னபோதும் அந்தப் பழக்கம் கூடவே வந்தது. 'உயிரெழுத்துகளை அறிந்துகொள்வர்' என்று எழுதி வைத்தேன். பௌர்ணமியன்று எல்லோரும் கிரிவலப் பாதையில் கடை போடப் போய்விடுவார்கள். மற்ற நாட்களில் எட்டுப் பேர் தவறாமல் வந்தார்கள்.

அதில் ஓர் அக்கா இட்லிக் கடையில் வேலை செய்பவர். அவருடைய மகளுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. வீட்டில் இருந்தவரை அம்மாவும் மகளும் கையாலேயே பேசிக்கொண்டார்கள். மகள் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போனதும் அந்தப் பேச்சு நின்றது. அம்மாவிடம் இருந்ததோ கேமரா செத்துப்போன பழைய போன். மகள் எழுதி அனுப்புவதைக் கடை முதலாளிதான் உரக்கப் படித்துச் சொல்வார். சாப்பிட வந்தவர்களும் சேர்ந்து கேட்பார்கள். 'நல்லா இருக்கேன்மா.' தினமும் அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து, அ முதல் ஔ வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்த அந்த அக்கா என்னைக் கேட்டார்.

"டீச்சர், இன்னும் எவ்ளோ தெரிஞ்சா என் பொண்ணு எழுதறதை நானே படிப்பேன்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அவசரப்பட்டா ஆவுமாக்கா? ஒண்ணொண்ணாத்தான் வரும்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். அவர் கேட்டதற்குப் பதில் அதில் எங்கேயும் இல்லை. எது வரைக்கும் போக வேண்டும் என்று கூட்டிப் போகிற எனக்கே தெரியவில்லை! இத்தனை வருஷம் என்னத்தைக் கிழித்தேன் என்று வெட்கமாகப் போயிற்று. அழுதேன்.

அந்த வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'மகள் அனுப்பும் இரண்டு வரிச் செய்தியை யாரையும் கேட்காமல் படிப்பார். ஒரு வரி பதில் எழுதி அனுப்புவார்.'

எழுதிய பிறகு பாதிப் பாடம் தேவையில்லாமல் போனது. 'ஔ' எழுத்தை ஓரம் கட்டினேன். 'அம்மா', 'நான்', 'இருக்கேன்' என்று மகள் எழுதும் வார்த்தைகளையே அவர் நோட்டில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். மற்றவர்களிடமும் என்ன படிக்க ஆசை என்று கேட்டேன். ஒருத்தர் பஸ் போர்டு என்றார், ஒருத்தர் மாத்திரை அட்டை என்றார். இதை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம், வகுப்பு முடிந்தும் அந்த அக்கா போகவில்லை. கால்மணி நேரம் போனில் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார். அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினார். 'நான் தான் படிக்கறேன். வேற யாரும் இல்ல.'

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. திரை நிறைய எழுத்து. அவர் விரலை வைத்து எழுத்துக் கூட்டினார்.

"அம்மா... நிஜமாவா... அப்ப... சொல்றேன்..."

அதோடு குரல் நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. கண் நிறைந்து வழிந்தது. எனக்குப் பதறிவிட்டது.

"குடுங்கக்கா, நான் படிச்சு சொல்றேன்" என்று கையை நீட்டினேன்.

அவர் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"வேணாம் டீச்சர். என்னாண்டதான் சொல்லியிருக்கா. எவ்ளோ நேரமானாலும் நானே படிச்சுக்கறேன்."

நான் கையை இழுத்துக்கொண்டேன். அவர் மெல்லத் திரும்பி உட்கார்ந்து, அடுத்த வார்த்தையில் விரலை வைத்தார்.